தேரிக்காட்டு கிறிஸ்துமஸ்: ஓலை, முள், செம்மண் வைத்து வீட்டை அலங்கரிப்பது எப்படி

போன டிசம்பரில் தூத்துக்குடியில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். சாக்குத் துணியில் முடிச்சுப் போட்ட நாலைந்து காய்ந்த குச்சிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'கிராமிய அலங்காரம்' என்று சீட்டு ஒட்டி, 800 ரூபாய் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் குச்சியை வெந்நீர் அடுப்புக்குப் பொறுக்குவோம்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. சிவப்பு மணல், பனை, உடைமரம், ஊருக்கென்று இருப்பது இவ்வளவுதான். இந்த மூன்றையும் வைத்து ஒரு வீட்டைக் கிறிஸ்துமஸுக்கு எப்படித் தயார் செய்வது என்று சொல்கிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன் மகள் வருஷா வருஷம் போன் போட்டு, "அத்தை, அந்த முள் மரம் எப்படிச் செய்றது, அந்த மலை எப்படிச் செய்றது" என்று கேட்கிறாள். ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வேலை மிச்சம்.

நான் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபை. அங்கே சொரூபம், அதாவது சிலை, கிடையாது. நட்சத்திரமும் மரமும்தான் கிறிஸ்துமஸ். வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்க வீட்டில். இங்கே இயேசு பிறந்த கொட்டிலைக் காட்டும் குடிலுக்குத்தான் முதல் மரியாதை, மற்றதெல்லாம் அப்புறம். அதனால் ரெண்டு பக்கத்து வேலையும் இதில் வரும். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி

இந்த மாதிரி அலங்காரத்தில் காசு குறைவு, நாள் அதிகம். ஓலை காய வேண்டும், மண் இறுக வேண்டும், விதை முளைக்க வேண்டும். 22-ம் தேதி உட்கார்ந்து யோசித்தால் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

நவம்பர் கடைசியில் ஓலை வெட்டிக் காயப்போட்டுவிடுவேன். டிசம்பர் முதல் வாரம் வெள்ளையடிப்பு. 8-ம் தேதி அமல உற்பவ மாதா திருநாளுக்கு முன்னால் நட்சத்திரம் தொங்கிவிட வேண்டும் என்பது என் மாமியார் வைத்த சட்டம். அதை நான் மாற்றவில்லை. 13, 14 தேதிகளில் விதை போடுவது. 18-க்கு மேல் குடில். மரம் கடைசி.

நடுவில் மழை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் டிசம்பரிலும் ஓயாது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அந்த வருஷம் நிறைய வீடுகளில் குடிலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, கூரை நின்றதே பெரிது. அவ்வளவு மழை எப்போதும் வராது. ஆனாலும் நனைந்தால் கெடும் எதையும் முற்றத்தில் வைக்காமல் திண்ணைக்கு உள்ளேயே வைக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். ஒரு வாரம் வெயில் காணாமல் போனாலும் வேலை தடைபடாதபடி தேதியை முன்னால் தள்ளி வையுங்கள்.

வெள்ளையடிப்பு

வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தால் இதைத் தாண்டிப் போகலாம். திண்ணைச் சுவர், காம்பவுண்ட், கிணற்றுச் சுற்றுச்சுவர் இவற்றுக்கு மட்டும் நான் இன்னும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடிக்கிறேன். முந்தின நாள் பானையில் நீற்றி, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வடிகஞ்சி, ஒரு கை உப்பு, நாலு சொட்டு நீலம். தென்னை நார் மட்டையால் அடித்தாலே போதும். நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும்; பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பானையில் ஒரு செம்பு சுண்ணாம்பு மிச்சம் வையுங்கள், முள் மரத்துக்கு வேண்டும்.

இந்த வெள்ளைதான் மற்ற அலங்காரத்துக்கெல்லாம் பின்புலம். பளிச்சென்ற சுண்ணாம்புச் சுவரில் ஒரே ஒரு ஓலை நட்சத்திரம் மாட்டினாலும் எடுப்பாகத் தெரியும். நாலு கலர் சுவரில் நாற்பது பொருள் தொங்கவிட்டாலும் கண் எதிலும் நிற்காது.

ஓலை

வடலியில், அதாவது இளம் பனையில், வெட்டுங்கள், நின்றபடியே கைக்கு எட்டும். பெரிய மரம் என்றால் பனையேறும் அண்ணாச்சியைத்தான் கேட்க வேண்டும். ஒரு வடலிக்கு ஒரு குருத்து போதும், அதற்கு மேல் எடுத்தால் மரம் வாடும். மட்டையின் கருக்கு ரம்பப் பல் மாதிரி இருக்கும், கையைக் கிழித்துவிடும். பழைய சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அரிவாளால் கருக்கைச் சீவி எறிந்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

குருத்தை விரித்து, இதழ் இதழாகப் பிரித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை உருவிவிடுங்கள். ஈர்க்கைத் தூர எறியாதீர்கள், குடிலுக்கு வேண்டும். பிரித்த ஓலையை மூன்று நாள் வெயிலில் போட்டு, ராத்திரி பனியிலும் அப்படியே கிடக்க விட்டால் பச்சை போய்த் தந்த நிறத்துக்கு வரும். மழை வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். நனைந்த ஓலையில் கரும்புள்ளி விழுந்தால் பிறகு போகாது. காய்ந்ததைச் சுருளாகச் சுற்றி அடுக்களையில் மாட்டிவிடுங்கள். வேலை செய்வதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி இளகிவிடும். ஊறாமல் மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும்.

சாயம் வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். அப்படியே ஆசைப்பட்டால் சிவப்பு ஒன்று மட்டும். சாயப்பொடியோடு உப்புச் சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் ஓலையைப் போட்டு எடுத்து நிழலில் காயவையுங்கள். மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஓலைக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அந்த அளவு போதும்.

சின்ன நட்சத்திரம் செய்யும் விதம் இது. ஒரு விரல் அகலத்துக்கு ஓலையைக் கிழித்து 52 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். 10 செ.மீ.க்கு ஒரு தடவை நகத்தால் கீறி அடையாளம் வையுங்கள். ஐந்து பக்கம் கிடைக்கும், கடைசியில் 2 செ.மீ. மிச்சம் நிற்கும். சிலேட்டில் கையெடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவோம் இல்லையா, ஓலையும் அதே வழியில்தான் போக வேண்டும். முதல் பக்கம், மடிப்பு, இரண்டாம் பக்கம், மடிப்பு. மூன்றாம் பக்கம் முதல் பக்கத்துக்கு மேலே போகட்டும். நாலாவது முதல் பக்கத்துக்குக் கீழே நுழைந்து இரண்டாவதுக்கு மேலே வரட்டும். ஐந்தாவது இரண்டாவதுக்குக் கீழே போய் மூன்றாவதுக்கு மேலே வந்து, தொடங்கின முனையில் சேரும். மிச்சம் இருக்கிற 2 செ.மீ.யை அந்த முனையில் பின்பக்கமாக மடித்து, ஈர்க்குத் துண்டால் குத்தி இறுக்கிவிடுங்கள். மேலும் கீழுமாகப் பின்னியிருப்பதால் பசையே வேண்டாம், காயக்காய இறுகும். முதல் ஒன்றிரண்டு கோணலாக வரும், அதை மரத்துக்குப் பின்பக்கம் மாட்டிவிடலாம்.

பழைய ஓலைக்கொட்டான் (சின்ன ஓலைக்கூடை) இருந்தால் அதையும் எடுத்துவையுங்கள். கவிழ்த்துப் போட்டு, நடு முடிச்சில் ஓட்டை வைத்து, சீரியல் லைட்டின் ஒரு பல்பை உள்ளே நுழைத்தால் முடைந்த இடுக்கு வழியாகச் சுவரில் கட்டம் கட்டமாக வெளிச்சம் விழும். எல்.ஈ.டி. பல்பாக மட்டும் இருக்கட்டும். பழைய குண்டு பல்பு சூட்டில் ஓலை கருகும்.

வாசல் நட்சத்திரம்

இது பெரிய வேலை, ஆனால் ஒரு தடவை சட்டம் கட்டிவிட்டால் பல வருஷம் வரும். மூங்கில் கிடைத்தால் நல்லது. எங்கள் பக்கம் மூங்கில் விளையாது, கடையில்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த பனைமட்டையை வகிர்ந்து சீவிக்கொள்ளலாம், கொஞ்சம் கனம் கூடும். சுண்டுவிரல் அகலத்தில், 75 செ.மீ. நீளத்தில் பத்துப் பிளாச்சு. அது தவிர 15 செ.மீ. நீளத்தில் ஐந்து குறுங்குச்சி.

எல்லாரும் தவறவிடுவது அளவைத்தான். ஐந்து குச்சியைக் கண்ணளவில் வைத்துக் கட்டினால் ஒரு கை நீளமாகவும் ஒரு கை சூம்பியும் வரும். ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 28.5 செ.மீ. அளந்து கரியால் கோடு போடுங்கள். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் அதுதான். வேறு நீளத்தில் செய்தால் அந்த நீளத்தை 0.38-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 100 செ.மீ. குச்சிக்கு 38 வரும். தரையில் பரப்பி முதலில் ஐந்து நுனியையும் சணலால் கட்டுங்கள். அப்புறம் கரிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வருகிறதா என்று பார்த்து, நகர்த்திச் சரிசெய்து, வெட்டும் ஐந்து இடங்களையும் கட்டுங்கள். இதே மாதிரி இன்னொன்று.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனிகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது வெட்டும் இடங்களில், இரண்டு சட்டத்துக்கும் நடுவில், அந்தக் குறுங்குச்சிகளை ஒவ்வொன்றாக நெட்டி நிறுத்தி இரண்டு பக்கமும் கட்டுங்கள். ஐந்தாவது குச்சியை நிறுத்தும்போது சட்டம் வயிறு புடைத்து விறைப்பாக நிற்கும். விறைப்பு வரவில்லை என்றால் நுனிக்கட்டு தளர்ந்திருக்கிறது, அதை மறுபடி இறுக்குங்கள்.

பசைக்கு மைதா. ஒரு கை மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பளபளவென்று வரும் வரை காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது விஷம், பழைய தகரத்தில்தான் காய்ச்ச வேண்டும், அந்தத் தகரம் மறுபடி அடுக்களைப் பக்கம் வரக்கூடாது.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சட்டத்தை விட 2 செ.மீ. பெரிதாக நட்சத்திர வடிவத்தில் தாளை நறுக்கி, ஓரத்தைக் குச்சியின் மேல் மடித்து ஒட்டுங்கள். பக்கவாட்டில் பத்து நீள முக்கோணம் வரும். கீழே இரண்டு காலுக்கு நடுவில் வருகிற முக்கோணங்களில் ஒன்றை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். பல்பு மாட்ட, மாற்ற, சூடு வெளியேற அந்த வழிதான். வெள்ளைத் தாள் முழுக்க, விளிம்பில் மட்டும் சிவப்பு; இது என் பிறந்த வீட்டு முறை. கலர் கலராகக் கண்ணாடித் தாள் ஒட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நான் தடுப்பதில்லை, வாசலுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். தாள் ஒட்டிய பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் சுருக்கம் போய் மேளத்தோல் போல இழுபடும். உள்ளே 5 வாட் எல்.ஈ.டி. பல்பு. கூரை இறவாரத்துக்கு உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள். வெளியே பனையில் கட்டித்தான் தீருவேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் நின்றார்; கட்டிய அன்றைக்கே காற்று வந்தது.

குடில்

1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதல் குடிலைச் செய்தபோது சொரூபம் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சொரூப செட் விலை அதிகம், அதனால் குடில் வைக்கவில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தீவனத் தொட்டியும் வைக்கோலும் இருந்தால் குடில் ஆயிற்று. சொரூபம் வாங்குவதென்றால் மண் சொரூபம் வாங்குங்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிற அதே கைகள்தான் கிறிஸ்துமஸ் செட்டும் செய்கின்றன. இந்த வருஷம் குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் (யோசேப்பு). அடுத்த வருஷம் இடையர். ராஜாக்கள் மெதுவாக வரட்டும்.

இடம் முக்கியம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக வரும் கீத பவனிப் பிள்ளைகள் ராத்திரி டிரம் அடித்துக்கொண்டு வருவார்கள், ஆடுவார்கள், கூடவே தெருப் பிள்ளைகள் எல்லாம் வரும். திண்ணை விளிம்பில் குடில் வைத்தால் ஏதாவது ஒரு சம்மனசு (வானதூதர்) கீழே விழும். உள் மூலையில், சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

மலைக்கு: இரண்டு பழைய சணல் சாக்கு வேண்டும், பிளாஸ்டிக் சாக்கு உதவாது. குளத்துக் களிமண்ணைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரையுங்கள். பின்பக்கம் செங்கல்லையும் கவிழ்த்த பெட்டியையும் உயரம் மாற்றி மாற்றி அடுக்குங்கள். சாக்கைக் கரைசலில் முழுக்க முக்கி, லேசாகப் பிழிந்து, அடுக்கின் மேல் போடுங்கள். இனி கையை வைத்து அங்கங்கே கிள்ளி மடிப்பு எடுக்க வேண்டும். ஒரே திசையில் இழுத்து விட்டால் போர்வை போட்ட பெட்டியாகத்தான் தெரியும். மேலே கூராக, கீழே விரிவாக, ஒன்றிரண்டு இடத்தில் குழி விழும்படி அமுக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே தேரி மணலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி உயரத்தில் இருந்து தூவுங்கள். பள்ளத்தில் தங்கும், மேட்டில் சறுக்கும், வெளுப்பும் சிவப்புமாக நிஜப் பாறை மாதிரி வந்துவிடும். இரண்டு நாளில் இறுகிவிடும். ஈரம் தரையில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு பாலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள்.

கொட்டில் கட்டும்போது உயரத்தைச் சொரூபத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நிற்கிற சூசையப்பரைப் போல ஒன்றரை மடங்கு. தலை கூரையில் இடிக்கிற சூசையப்பரை நிறைய வீட்டில் பார்க்கலாம். நாலு காலுக்கு முள் சீவிய உடைமரக் குச்சி, தோலை உரிக்காதீர்கள். கூரைக்கு நறுக்கிய பனை ஓலை, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஈர்க்கால் தைத்தால் நிஜக் கூரை போலவே அமையும். உள்ளே வைக்கோல். நாஞ்சில்நாட்டில் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து வருகிற வைக்கோல் எங்கள் சந்தைக்கும் வரும். ஒரு கட்டு வாங்கினால் குடிலுக்குப் போக மாட்டுக்கு.

ஆடுகளுக்குக் காய்ந்த பனங்கொட்டை. நாரை ஈரத் துணியால் துடைத்து, பழைய சீப்பால் வாரிவிட்டால் கம்பளி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கொட்டையின் ஓடு கடினம், குத்த முடியாது, அதனால் நாலு ஈர்க்குக் காலை நாருக்குள் செருகி ஒரு சுற்றுக் கட்டுங்கள். கிழங்குக்கு முளைக்கப் போட்ட கொட்டையாக இல்லாமல், வெயிலில் கிடந்து வெளுத்ததாக எடுங்கள்.

பசுமைக்கு விதை. கேழ்வரகும் கடுகும் போதும். ஒரு ராத்திரி ஊறவைத்து, சிரட்டையிலும் பழைய தட்டிலும் மண் பரப்பி, மண் தெரியாத அளவுக்கு நெருக்கமாகத் தூவி, ஈரத் துணியால் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தினம் கையால் தண்ணீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். பத்து நாளில் கேழ்வரகு புல்வெளியாக நிற்கும். வெந்தயம் கொஞ்சம் தனியாகப் போட்டால் புதர் வைக்க உதவும். நெல் அழகுதான், ஆனால் மெதுவாக வரும், அதற்கு இன்னும் நாலு நாள் முன்னால் போட வேண்டும். முளைப்பாரி போட்ட கை இருக்கிற வீட்டில் இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடு வளர்ப்பவர்கள் மட்டும் கதவைச் சாத்தி வையுங்கள்.

குளத்துக்கு உடைந்த முகக்கண்ணாடி, அதன் விளிம்பை மணலால் மறைத்தால் போதும். இது ஊர் ஊராக நடக்கிற வழக்கம், இதை விட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. பஞ்சை ஒட்டி உறைபனி காட்டுவது எனக்குப் பிடிக்காது. செம்மண் மலைமேல் பஞ்சு கிடந்தால் தலையணை கிழிந்த மாதிரிதான் இருக்கிறது.

வைக்கோலுக்குள் ஒயர் ஜாயிண்ட் எதுவும் வரக்கூடாது. இணைப்பு எல்லாம் மலைக்குப் பின்பக்கம், பல்பு மட்டும் முன்பக்கம். தூங்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

தொட்டி 24-ம் தேதி ராத்திரி வரை காலியாகத்தான் இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து வீட்டில் சின்னப் பிள்ளை கையால் குழந்தை சொரூபத்தை வைப்போம். மூன்று ராஜாக்களை வீட்டின் எதிர் மூலையில் எங்கேயாவது நிறுத்தி, தினம் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6-ம் தேதி குடிலுக்குக் கொண்டுவருவது என் மாமியார் வீட்டுப் பழக்கம். ஒட்டகம் டிவி மேலும் அரிசி டிரம் மேலும் நின்றுவிட்டுத்தான் பெத்லகேமுக்கு வரும். பேரப்பிள்ளைகளுக்கு இதில்தான் உயிர்.

முள் மரம்

சவுக்குக் கிளை வைப்பது பொது வழக்கம். ஈரமணல் நிறைந்த பானையில் நட்டு, தினம் தண்ணீர் விட்டால் கிறிஸ்துமஸ் முடியும் வரை பச்சையாக நிற்கும். 22-க்கு முன்னால் வெட்டாதீர்கள். காய்ந்த சவுக்கு சீக்கிரம் தீப்பிடிக்கும், மெழுகுவர்த்தி பக்கத்திலேயே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது உடைமரக் கிளை. உடைமரத்தின் முள்ளைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையாக, ஊசியாக, இரண்டிரண்டாக நிற்கும். நாலடி உயரத்தில் நன்றாகக் கிளைத்த காய்ந்த கொப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். இலையை உதறிவிட்டு, மிச்சம் வைத்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மேலே தெளித்துக் காயவையுங்கள். இரண்டாம் தடவை தெளித்தால் முழு வெள்ளை. பானையில் தேரி மணல் நிரப்பி நட்டுவிடுங்கள். இனி நூலும் கொக்கியும் தேவையில்லை. ஓலை நட்சத்திரத்தை முள்ளிலேயே குத்திவிடலாம்.

சிவப்புக்கு ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி என்று சொல்வார்களே, அந்த விதை. துளை போட்டு, நூலில் கோத்து மாலையாகச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் நிறம் மங்காது. கறுப்புக் கண் வைத்த சின்னக் குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள், ஓடு உடைந்து வயிற்றுக்குள் போனால் அது கொடிய விஷம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். வாகை நெற்று கிடைத்தால் நாலு கட்டுங்கள், காற்றடித்தால் சலசலக்கும். அச்சு முறுக்கை மரத்தில் மாட்டலாம் என்று ஒரு யோசனை வருஷா வருஷம் வீட்டில் கிளம்பும். எறும்புக்குப் பண்டிகை வைக்கிற எண்ணம் இருந்தால் செய்யலாம்.

நடக்கிற வழியில் மட்டும் இந்த மரத்தை வைக்காதீர்கள். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் அலமாரி மேல் வையுங்கள், அல்லது சவுக்குக்கே போய்விடுங்கள்.

வாசல்

கோலம் போடுகிற வீடு, போடாத வீடு ரெண்டும் எங்கள் தெருவில் உண்டு. போடுவதென்றால் அரிசி மாவில் ஒரு நட்சத்திரம், சுற்றிச் செம்மண் கரை. தென்னங்குருத்துத் தோரணம் ஒரு வரிசை. நடையில் இரண்டு பக்கமும் அகல் விளக்கு. கருப்பட்டிப் பெட்டி மிச்சம் இருந்தால் அதில் செவ்வந்தி நிரப்பி வைக்கலாம். இதற்கு மேல் வாசலில் எதையும் சேர்க்காதீர்கள். வருகிறவர்கள் செருப்பு விட இடம் வேண்டாமா?

அடுக்குமாடி வீட்டுக்கு

அண்ணன் மகளுக்குச் சொன்னதையே சொல்கிறேன். சுண்ணாம்பும் களிமண் மலையும் உனக்கு வேண்டாம், வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார். கோயம்பேட்டில் குருத்தோலை கிடைக்கும், தென்னையாக இருந்தாலும் பரவாயில்லை. தென்னை ஓலை இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், ஆகவே 23-ம் தேதி வாங்கு. பத்து நட்சத்திரம், ஒரு தட்டுக் கேழ்வரகு, ஒரு பழக்கூடையைச் சாய்த்துப் போட்டு வைக்கோல் பரப்பிய குடில். டிவி அலமாரியின் ஒரு தட்டைக் காலி பண்ணினால் இடம் போதும். பால்கனி நட்சத்திரத்துக்கு 50 செ.மீ. குச்சி, 19 செ.மீ.யில் கோடு. ஊருக்கு வரும்போது தேரி மணல் ஒரு டப்பா எடுத்துப் போ.

பிரிக்கும்போது

ஜனவரி 6 தாண்டியதும் பிரித்துவிடுவோம். முளைத்த கேழ்வரகு ஆட்டுக்கு. சாயம் படாத வைக்கோல் மாட்டுக்கு. முள் கொப்பு வேலிக்கோ அடுப்புக்கோ. மண் மலையைத் தண்ணீர் தெளித்து இளக்கினால் சாக்கு தனியாக வந்துவிடும், அலசிக் காயவைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். சொரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, நடுவில் உமி போட்டுப் பெட்டியில் அடுக்குங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். ஓலை நட்சத்திரம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒருநாள் வெயில் காட்டி வேப்பிலையோடு கட்டிவையுங்கள்.

வாசல் நட்சத்திரத்தின் தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்துவிட்டு, சட்டத்தை மட்டும் விறகடுப்புப் புகை படுகிற இடத்தில் உத்திரத்தில் மாட்டுங்கள். விறகடுப்பு இல்லாத வீட்டில் வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் மூங்கில் உளுத்துவிடும். கட்டுகளை ஒரு தடவை பார்த்துத் தளர்ந்ததை இறுக்கிவிட்டால், வருகிற டிசம்பரில் தாளும் மைதாவும் மட்டும் வாங்கினால் போதும்.